நீளக் கயிறு

கயிற்றை நீளமாக விடவேண்டும் என்று அமிர்தநாதர் சொன்னபோது ஜூலியன் மறுத்து ஒன்றும் பேசவில்லை.

ரொறன்ரோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரியின் உறைந்த பரப்பில், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, தெற்குக் காற்றுக்கு முதுகைக் கொடுத்தவாறு இருவரும் நின்றிருந்தனர். இரவு முழுவதும் வீசிய அக்காற்று ஏரியின்மேற் கிடந்த பனித்தூளையெல்லாம் வழித்தெடுத்துச் சென்றிருந்தது. காலடியில் எஞ்சியது கறுப்புக் கண்ணாடியைப் போன்ற வெறும் பனிக்கட்டி. அதற்குள் எங்கோ தொலைவில், பெருமரம் ஒன்று முறிவதைப் போன்ற ஓசை எழுந்து, அவர்களின் பாதங்களுக்குக் கீழாக ஓடி, வடக்கே போய் அடங்கியது.

“உது என்னடா?”

“ஐஸ் வெடிக்கிற சத்தம், அத்தான். எல்லா நாளும் கேக்கும். பயப்பிட ஒண்டுமில்லை.”

“ஆரடா இஞ்ச பயந்தது? கேட்டனான், அவ்வளவுதான்.”

அமிர்தநாதர் ஜூலியனின் மூத்த சகோதரி அருள்நாயகியின் கணவர். மன்னார்ப் பேசாலையில் இளமைக்காலம் முழுவதும் கடற்றொழில் செய்தவர். ரொறன்ரோவுக்கு வந்தபின் பாண் பேக்கரி ஒன்றிற் கனத்த மாவு மூடைகளைச் சுமந்தவர். சென்ற இலையுதிர் காலத்தில் அவருக்கு நெஞ்சைப் பிளந்து இதய சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன்பின் வேலையும் இல்லை, வெளிநடமாட்டமும் இல்லை. நகரின் மில்லிக்கன் பகுதியில் உள்ள வீட்டின் முன்னறை யன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரேயிருந்த பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தைப் பார்த்தபடி பனிக்காலத்தைக் கழித்து வந்தார். பேச்சுக் குறைந்தது, உணவும் குறைந்தது. எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்று தம்பியைக் கெஞ்சியவள் அருள்நாயகிதான். ஆனால் அன்று காலை, கணவரின் கழுத்தைச் சுற்றி இரண்டாவது கம்பளித் துண்டையும் கட்டிவிட்ட பின்னர், அவள் ஜூலியனை வாசலிற் பிடித்து நிறுத்தினாள்.

“தம்பி, டொக்டர் சொன்னது ஞாபகந்தானே? கடுங்குளிரில அவர் மூச்சு வாங்க ஓடக் கூடாது, பாரம் இழுக்கக் கூடாது. ஆளை முழுசாத்தான் தாறன். முழுசாத்தான் எனக்குத் திரும்ப வேணும்.”

“ஓம் அக்கா.”

“ஓம் எண்டு லேசாச் சொல்லாத. அவர் சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்டுற ஆள் நீ.”

அவள் சொன்னது மெய். அதற்குக் காரணமும் இருந்தது. ஜூலியன் பன்னிரண்டு வயதுப் பையனாய் இருந்த காலத்தில், போருக்கு அஞ்சி இராமேசுவரத்துக்கு ஓடிய படகொன்றின் சுக்கானைப் பிடித்தவர் அமிர்தநாதர். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோயிற்று. காற்றும் அலையும் படகைப் பாறைத் திட்டுகளை நோக்கித் தள்ளிக்கொண்டு போயின. அப்போது அவர் நங்கூரத்தை இறக்கி, படகிலிருந்த கயிறு முழுவதையும் நீளமாக விட்டார். விடியும்வரை அந்தக் கயிறு படகைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்தவர்களுள் ஒருவரும் சாகவில்லை; ஜூலியனும் அவர்களுள் ஒருவன். இத்தகைய ஒருவரிடம் கயிற்றைப் பற்றி எதிர்வாதம் செய்ய ஜூலியனுக்கு நாவெழவில்லை.

அவர்கள் கொண்டுவந்திருந்தது எளிதிற் காவிச் செல்லத்தக்க கூடாரம். பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்போர், குளிரையும் காற்றையும் மறைப்பதற்காக அதனுள் இருப்பார்கள். நீண்ட பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றே அதன் அடிப்பாகம். கரையிலிருந்து சாமான்களை ஏற்றி, பனிமேற் சறுக்கி இழுத்து வரும் வண்டியும் அதுதான். தொட்டியில் இரண்டு இருக்கைகள் பூட்டியிருந்தன. இருக்கைகளுக்குப் பின்னால் மடிந்து கிடக்கும் தடித்த துணியைக் கம்பிகளோடு தூக்கித் தலைக்குமேலாக முன்னே கவிழ்த்தால், இருப்பவர்களையும் துளைகளையும் மூடிக்கொண்டு கூடாரம் நின்றுவிடும்.

அதைக் கண்டதிலிருந்து அமிர்தநாதருக்குக் கேலி அடங்கவில்லை. “கடலை மூடி வைச்சிட்டு, மூடியில ஓட்டை போட்டு, அதுக்கு மேல ஒரு வீட்டையும் கட்டி... உவங்களுக்கு மீன் வேணுமோ, ஒளிச்சிருக்க இடம் வேணுமோ?”

பல மாதங்களுக்குப் பின் அவர் சிரித்ததை ஜூலியன் அன்றுதான் கண்டான். கூடாரத்தோடு வந்த உறையில், பனிக்கட்டியில் முறுக்கி இறக்கும் இரும்புத் திருகாணிகள் பல இருந்தன. கரையிற் காரைவிட்டு இறங்கியபோது அவர் அவற்றைக் கையில் ஏந்திப் பார்த்தார். “இவ்வளவு இரும்போட மீன் பிடிக்கப் போறமோ, பாலம் கட்டப் போறமோ?” என்று கேட்டு, ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு மிகுதியைக் காருக்குள் எறிந்தார். வழுக்காமலிருக்கச் சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்வாரையும் அவ்வாறே ஒதுக்கினார். ஜூலியன் தன்னுடையதை மாட்டிக்கொண்டான்.

இப்பொழுது அந்த ஒற்றைத் திருகாணியை அவரே முழந்தாளிட்டு இறக்கினார். அதை நேர் செங்குத்தாக இறக்கினார். அதுவும் முழுவதும் இறங்கவில்லை. அதன் கண்ணிற் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தொட்டியின் முன்மூக்கிற் கட்டினார். இடையிற் கிடந்த கயிறு ஒரு வீட்டின் அகலத்துக்கு நீண்டு நெளிந்தது.

சற்றுத் தள்ளித் தன்னுடைய கூடாரத்தை அமைத்திருந்த நண்பன் ஜவ்ஃபர் கைகளைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவனும் மன்னார்ப் பக்கந்தான், எருக்கலம்பிட்டியான்; வீடுகளுக்கு வெப்பமூட்டி பொருத்துவது அவன் தொழில். மீன் பிடிப்பதற்கென்று ஒவ்வொரு பனிக்காலமும் இந்த ஏரிக்கு வராமல் இருக்கமாட்டான். ஜூலியனை முதன்முதலில் இங்கு அழைத்து வந்தவனும் அவனே.

“சலாம் அண்ணை. மச்சான், இதென்ன ஒரு பக்கந்தான் கட்டியிருக்கு? காத்துப் பக்கம் ரெண்டு, பின்னால ரெண்டு, நாலு மூலைக்கும் அடிக்கோணும். கயிறு வீணைக் கம்பி மாதிரி இறுகி நிக்கோணும். ஆணியை வெளிப்பக்கம் சரிச்சு இறக்கோணும்.”

அமிர்தநாதர் எழுந்து நின்றார். “தம்பி, நீர் வள்ளம் கட்டியிருக்கிறீரோ?”

“இது வள்ளமில்லையே அண்ணை, கூடாரம்.”

“அடியைப் பாரும். மூக்கைப் பாரும். வள்ளமில்லாம வேற என்ன? நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினா வள்ளம் காத்தோட மல்லுக்கு நிக்கும், கட்டு அறும். மூக்கில கட்டிக் கயிற்றை விட்டால் அது காத்துக்கு முகம் குடுத்துக்கொண்டு தன்ர பாட்டில நிக்கும். கயிறு நீளமா இருந்தாத்தான் நங்கூரம் பிடிக்கும்.”

“அது கடலில, அண்ணை. பின்னேரம் காத்து மாறுமாம், வடமேற்கால வருமாம். ரேடியோவில சொன்னவங்கள்.”

“எங்கட சோழகக் காத்து ஒருக்கா எழும்பினா மாசக்கணக்கா ஒரே பக்கந்தான். பின்னேரம் மாறுற காத்தை நான் காணேல்லை.”

“கனடாக் காத்து மன்னாருக்குப் போய் வந்ததில்லை, அண்ணை,” என்று ஜவ்ஃபர் சிரித்தான். அமிர்தநாதரும் சிரித்தார், ஆனால் கயிற்றைக் குறுக்கவில்லை. துளைபோடும் கருவியை எடுத்துக்கொண்டு அவர் கூடாரத்தின் மறுபக்கம் போனதும், ஜவ்ஃபர் தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு திருகாணிகளை எடுத்து ஜூலியனின் பைக்குள் இட்டான்.

“ஆள் பாக்காத நேரத்தில பின்னால இறக்கிவிடு. மானம் போகாது, கூடாரமும் போகாது.”

“பாப்பம்.”

“பாக்காத, செய். ஸ்னோ இருந்தாலும் துணி விளிம்பில அள்ளிக் கொட்டி மிதிக்கலாம். இண்டைக்கு அதுவும் இல்லை. வெறும் ஐஸில உந்தத் தொட்டி சவர்க்காரம் மாதிரி ஓடும்.”

ஜூலியன் பையின் மேற் கையை வைத்துப் பார்த்தான். திருகாணிகள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தன.

கூடாரத்தின் உள்ளே சிறிய வாயு அடுப்பு எரிந்தது. மேலேயிருந்த காற்றுத் துவாரத்தை ஜூலியன் திறந்து வைத்தான். இருக்கைகளுக்கு முன்னே இரண்டு துளைகள். அவற்றுள் நீர் மைபோற் கறுத்துக் கிடந்தது. முதலாவது பேர்ச் மீன் அமிர்தநாதரின் தூண்டிலிலேயே அகப்பட்டது. உள்ளங்கை அகலமுள்ள, மஞ்சள் நிறத்தில் கரும்பட்டை இட்ட மீன். அதைக் கையிற் பிடித்துப் பார்த்து, “வேலி ஓணானுக்குச் செட்டை முளைச்ச மாதிரி இருக்கு,” என்றார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவருடைய முகத்தில் இரத்தம் ஏறியது. அருள்நாயகி இதைக் காணவேண்டும் என்று ஜூலியன் நினைத்தான். அந்நினைவோடு, பையிற் கிடந்த திருகாணிகளின் பாரமும் தொடையில் அழுத்தியது.

காற்று விட்டுவிட்டு அறைந்தது. ஒவ்வொரு வீச்சிலும் தொட்டி சற்றுப் பின்னே நகர்ந்து, கயிறு விறைத்ததும் வெடுக்கென நின்றது. வீச்சுத் தணிந்ததும் கயிறு தளர்ந்தது. மறுபடியும் நகர்வு, மறுபடியும் வெடுக்கென்ற இழுப்பு. கடலில் இப்படித்தான் இருக்கும். அங்கே நீர் அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும். இங்கே அதை வாங்குவதற்கு ஒரு திருகாணி மாத்திரமே இருந்தது.

காலையில் தன் சப்பாத்து நுனிக்கு அருகே கிடந்த துளை, இப்பொழுது தொட்டியின் விளிம்பை விட்டு மேலும் தள்ளி, முன்புறத் துணியின் கரைக்கு அண்மையில் இருப்பதை ஜூலியன் கண்டான்.

“அத்தான், ஓட்டை தள்ளிப் போட்டுது.”

“ஓட்டை எங்கயடா போறது? நாங்கள்தான் அசையிறம். வள்ளமெண்டா அசையும்.”

“ஆணியை ஒருக்காப் பாத்துக்கொண்டு வரட்டோ?”

“தூண்டிலைப் பார். கடிக்குது.”

கைபேசி ஒலித்தது. ஜவ்ஃபர் பேசினான். பின்னணியிற் காற்று இரைந்தது.

“மச்சான், நான் கூடாரத்தை மடிச்சுக்கொண்டு கரைப்பக்கம் வந்திட்டன். காலமை தாண்டின வெடிப்பு இப்ப ஆள் நீளத்துக்குத் திறந்திட்டுது. தெற்குக் காத்து முழு ஐஸையும் வடக்குப் பக்கம் தள்ளிப்போட்டுது. குடில் வாடகைக்கு விடுற வெள்ளைக்காரர் பலகைப் பாலத்தைத் தூக்கி மேற்குப் பக்கம், ஒடுங்கின இடத்தில போட்டிருக்கிறார். எல்லாரும் வந்திட்டினம். நீங்கள்தான் மிச்சம்.”

“இந்தா வாறம்.”

“அந்த ரெண்டு ஆணியும் இறக்கினியோ?”

ஜூலியனின் கை பைக்குள் போய் அவற்றைத் தொட்டது.

“யா அல்லாஹ்,” என்றான் ஜவ்ஃபர். “கெதியா வெளிக்கிடு. வடமேற்கால வானம் நல்லா இல்லை.”

காலையில் அந்த வெடிப்பு ஒரு சாண் அகலந்தான் இருந்தது. பலகையின் மேல் நடந்து கடந்தபோது அமிர்தநாதர் அதைக் குனிந்தும் பார்க்கவில்லை. செய்தியைக் கேட்டு அவர் தூண்டிலை மெல்ல ஆட்டினார்.

“திறந்தது மூடும். இன்னும் ஒண்டு பிடிச்சிட்டுப் போவம். உன்ர அக்காவுக்குக் குழம்புக்குக் காணாது.”

“அத்தான், எல்லாரும் போட்டினம்.”

“எல்லாரும் போனாத்தான் மீன் வரும்.”

ஜூலியன் கூடார வாயிலின் சிப்பை இழுத்துத் திறந்து வெளியே வந்தான். ஜவ்ஃபரின் கூடாரம் இருந்த இடத்தில் நான்கு சிறு துளைகளும் மீன் செதில்களும் மாத்திரம் கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓராள் இல்லை. தெற்கே கரை, சாம்பல் நிறக் கோடாய்த் தெரிந்தது. அதற்கு இப்பால் இன்னொரு கோடு, காலையில் இல்லாத கரிய கோடு, நீண்டு கிடந்தது.

அவன் கயிற்றின் வழியே நடந்து திருகாணியை அடைந்தான். அது சாய்ந்திருந்தது. இழுத்து இழுத்து விடப்பட்டதால் அதைச் சுற்றிய பனிக்கட்டி பொடியாகி, கிண்ணம் போன்ற குழி ஒன்று உண்டாகியிருந்தது. விரலால் தொட்டான், திருகாணி பால்பல்லைப்போல் ஆடியது.

பைக்குள் கையை விட்டு இரண்டு திருகாணிகளையும் எடுத்தான். சற்று நேர வேலை. இரண்டையும் சரித்து இறக்கி, கயிற்றைக் குறுக்கிக் கட்டினால் தீர்ந்தது. முழந்தாளிட்டான்.

“என்னடா செய்யிறாய் அங்க?” என்று கூடாரத்திலிருந்து குரல் வந்தது. சிப்பின் இடைவெளியால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்டுமில்லை, அத்தான். சும்மா பாக்கிறன்.”

“கயிற்றில கை வையாத. அது சரியாத்தான் நிக்குது.”

அவன் திருகாணிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான். வெடிப்பை ஒருமுறை பார்த்து வந்து, அதன் அகலத்தைச் சொன்னால் அவர் கிளம்பக்கூடும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டு, அதை நோக்கி நடந்தான். சப்பாத்து முட்கள் பனிக்கட்டியைக் கறகறவென்று கொறித்தன.

பாதி வழியிற் காற்று நின்றது.

தணியவில்லை, நின்றது. காதுகளில் நாள் முழுவதும் நிறைந்திருந்த இரைச்சல் ஒரு நொடியில் அறுந்து, தன் மூச்சின் ஒலியே அவனுக்குப் பெரிதாய்க் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கூடாரத்தின் துணி தொய்ந்து, கயிறு நெளிந்து பனிக்கட்டியின் மேற் கிடந்தது. உள்ளே அமிர்தநாதர் ஏதோ ஒரு பழைய மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்குரல் அவ்வளவு தூரத்திலும் தெளிவாகக் கேட்டது. கூடாரத்துக்கு அப்பால், வடமேற்கே, அடிவானம் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று நின்றது. சுவர் நகர்ந்தது.

“அத்தான்! வெளியால வாங்கோ!”

பாட்டு நின்றது. “என்ன?”

அதற்குமேற் பேச்சுக்கு நேரமில்லை. காற்று வடமேற்கிலிருந்து ஒரே அடியாய் விழுந்தது. கூடாரம் நடுங்கிற்று, மூக்கை மறுபக்கம் திருப்பிற்று, பிறகு சறுக்கத் தொடங்கிற்று. துளைகளை விட்டு நீங்கிற்று. கயிறு தளர்ந்து கிடந்தமையால் அதைத் தடுக்க ஒன்றும் இருக்கவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து திருகாணிவரையும், திருகாணியைக் கடந்து மறுபுறம் அதேயளவு தூரமும் அது வேகமெடுத்து ஓடிற்று. கயிற்றின் முழு நீளமும் அதற்கு ஓடுபாதையாயிற்று. முடிவிற் கயிறு விறைத்தது. திருகாணி குழியிலிருந்து துள்ளி எழுந்து, வெயிலற்ற ஒளியில் ஒருமுறை மின்னி, பனிக்கட்டியில் விழுந்து, டிங், டிங், டிங் என்று தத்திக்கொண்டு கூடாரத்தின் பின்னால் வந்தது.

கூடாரம் ஜூலியனை நோக்கி வந்தது. அவனுக்குப் பின்னால் கரிய நீர்க் கோடு.

“அத்தான், வெளியால பாயுங்கோ! பாயுங்கோ!”

“சத்தம் போடாதயடா,” என்று உள்ளிருந்து அமைதியாக வந்தது அவர் குரல். “காத்துக்குத் திரும்புது. திரும்பத்தான் நான் விட்டனான். கயிறு பிடிக்கும்.”

அக்குரலில் ஐயம் சிறிதும் இல்லை. நான்கு பக்கமும் துணி மூடிய அந்த இருட்டில், அடுப்புச் சூட்டில், கயிறு தன்னைப் பிடித்து நிறுத்தும் கணத்தை எதிர்பார்த்து அவர் அமர்ந்திருந்தார். அன்று கடலிலும் இவ்வாறே அமர்ந்திருந்தார்.

கூடாரம் அவனை உரசிக் கடந்தது. அவன் இழுபட்டுவந்த கயிற்றின்மேற் பாய்ந்து இரு கைகளாலும் பற்றினான். அது அவனைக் குப்புற விழுத்தி இழுத்தது. கால்களை முன்னே வளைத்து முட்களைப் பனிக்கட்டியில் ஊன்றினான்; முட்கள் வெண்பொடியைக் கிளப்பிக் கீறிக்கொண்டு சென்றனவேயன்றி நிற்கவில்லை. பனித்தூள் கண்ணையும் வாயையும் அடைத்தது. கரைக் கோடு மறைந்தது. கரிய கோடு மாத்திரம் மறையாமல், அகன்று அகன்று வந்தது.

பாயச் சொன்னால் அவர் பாயமாட்டார் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவருக்கு விளங்கும் செய்தி ஒன்றே உண்டு. காலையிலிருந்து அவன் சொல்லாமல் விழுங்கிய செய்தி அது.

“நங்கூரம் கழண்டிட்டுது!” என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். “அத்தான், நங்கூரம் கழண்டிட்டுது! உங்கட கயிறு பிடிக்கேல்லை! பிழையாக் கட்டிப்போட்டியள்!”

ஒரு நொடி. உள்ளே ஏதோ கவிழ்ந்தது; துணி கருகும் மணம் வந்தது. சிப் கிழிபட்டுத் திறந்தது. அமிர்தநாதரின் தலை வெளியே வந்தது. அவர் முதலில் நீரைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தார். கயிற்றின் வழியே கண்ணை ஓட்டி, அதன் முனையில் முகங்குப்புற இழுபடும் மனிதனைப் பார்த்தார்.

அவர் தோளைக் கொடுத்து உருண்டு விழுந்தார். பாரம் குறைந்த கூடாரம் துள்ளிப் பாய்ந்தது.

“கயிற்றை விடு!” என்று இப்பொழுது கத்தியவர் அவர். “விடடா! விடு!”

ஜூலியனின் விரல்கள் குளிரில் மடங்கி இறுகியிருந்தன. ஒரு கையை மறுகையால் பிரிக்க வேண்டியிருந்தது. கயிறு கையுறையை உரித்துக்கொண்டு போனது.

சற்று அப்பால் தொட்டியின் பின்பக்கம் விளிம்பைக் கடந்து, ஓசையின்றி நீருக்குள் குத்தியது. கூடாரத் துணி காற்றால் உப்பி நிமிர்ந்து, மிதந்து, எதிர்விளிம்பில் மோதி நின்றது. பிறகு பனிக்கட்டி முனகத் தொடங்கிற்று. நாள் முழுவதும் வடக்கே தள்ளப்பட்டிருந்த பெரும் படலத்தை வடமேற்குக் காற்று இப்போது திருப்பித் தள்ளியது. இருவரும் கிடந்த தரையே மெல்ல நகர்ந்தது. அதை அவர்கள் வயிற்றால் உணர்ந்தனர். வெடிப்பின் இரு விளிம்புகளும் கூடாரத்தின் இரு பக்கத்தையும் வந்து தொட்டன. கம்பிகள் ஒவ்வொன்றாய் வளைந்தன. கடைசியில் தொட்டி, சுள்ளி முறிவது போன்ற ஓசையோடு நொறுங்கிற்று. அதில் இரண்டு இருக்கைகள் இருந்தன.

அமிர்தநாதர் நெஞ்சின்மேற் கையை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

“நெஞ்சோ, அத்தான்? நோகுதோ?”

“இல்லை... மூச்சு. மூச்சு மட்டுந்தான். பொறு.”

ஜூலியன் தன் இடக்காலிலிருந்து முள்வாரைக் கழற்றி அவருடைய இடக்காலில் மாட்டினான். ஒருவருக்கு ஒரு கால். வழுக்காத இரண்டு கால்களும் வெளிப்புறம் இருக்க, வழுக்கும் கால்கள் நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. கைகளைக் கோத்து, விளிம்போரமாக மேற்கே நடந்தார்கள். காற்று பக்கவாட்டில் அறைந்தபோதெல்லாம் நின்று, அமிர்தநாதர் மூச்சைத் தேடிப் பிடிக்கும்வரை காத்திருந்தார்கள். ஒருமுறை அவர் அதிக நேரம் நின்றார். ஜூலியன் தன் மனத்துக்குள் அக்காவின் முகத்தைக் கண்டு கண்களை மூடிக்கொண்டான். பிறகு அந்த முள்வார் பூட்டிய கால் முன்னே நகர்ந்தது.

வெண்மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் விளக்கும் ஜவ்ஃபரின் குரலும் வந்தன. “இஞ்சால! இஞ்சால! பலகை ஆடுது, பாத்து!” அவன் பாதிப் பாலம்வரை வந்து அமிர்தநாதரின் அக்குளிற் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனான். கூடாரம் எங்கே என்று கேட்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் பலகையின் அடியில் விளிம்புகள் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டிருந்தன.

கரையிற் காரை அடைந்ததும், ஜூலியன் விறைத்த விரல்களாற் பையைத் துழாவிச் சாவியை இழுத்தான். சாவியோடு இரண்டு திருகாணிகளும் வந்து இருக்கையில் விழுந்தன.

அமிர்தநாதர் அவற்றை எடுத்தார். பனிக்கட்டி ஒட்டாத, கீறல் விழாத, புதிய இரும்பு.

“உது எங்கால?”

“ஜவ்ஃபர் தந்தவன்.”

“எப்ப?”

“காலமை.”

அவர் அவற்றை மடியில் வைத்துக்கொண்டார். வெப்பமூட்டி இரைந்தது. 404 நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பியபோதும் காற்று ஓயவில்லை; பாரவண்டிகளுக்கு இடையே காரை அது பக்கம் பக்கமாய் நெட்டித் தள்ளியது. றிச்மண்ட் ஹில் வெளிவழியைத் தாண்டுகையில் அருள்நாயகியின் அழைப்பு வந்தது. ஜூலியன் கையை நீட்டுமுன் அமிர்தநாதர் எடுத்தார்.

“ஓம்... வாறம். இல்லை, குளிரேல்லை... மீன் இல்லை. காத்து... ஓம். ஓம், கதைக்கேக்க மூச்சு வாங்குதுதான், நடந்தனான்... வை.”

கைபேசியை வைத்துவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்:

“ஆணி ஆடினதைக் கண்டனீ, என்ன?”

“கண்டனான்.”

“கையில இந்த ரெண்டையும் வைச்சுக்கொண்டு?”

“சொன்னாக் கேட்டிருப்பியளோ, அத்தான்?”

அவர் அதை உண்மையாகவே எண்ணிப் பார்த்தார். அதற்கு நேரம் எடுத்தது.

“கேட்டிருக்க மாட்டன்,” என்றார். “எண்டாலும் நீ சொல்லியிருக்கோணும். என்னை நம்பி அந்தக் கயிற்றில தொங்கினவன் நீ. அப்ப பன்ரண்டு வயசு. இப்பவும் பன்ரண்டோ?”

பெருங்காற்று ஒன்று காரைத் தூக்கி அடுத்த நிரைக்குள் வைக்கப் பார்த்தது. அமிர்தநாதரின் வலக்கை எழுந்து, கதவின் மேலிருந்த பிடியைப் பற்றிற்று. இடக்கை திருகாணிகளின்மேல் மூடியிருந்தது. மில்லிக்கன் வந்து, வீட்டு வாசலில் அருள்நாயகி மேலங்கியுமின்றி நிற்பது தெரிந்து, கார் நின்ற பின்னரும் அவர் அந்தப் பிடியை விடவில்லை.